குழாயில் வெந்நீர்... டப்பில் ஐஸ்! வீட்டிலேயே ஃபிலிம் கழுவலாம்

மே மாத மதியம் மயிலாப்பூரிலோ தி.நகரிலோ மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்த் தண்ணீர் கையைச் சுடும். தாத்தாவின் கேமராவைத் தூசி தட்டி, ஒரு கறுப்பு வெள்ளை ரோலையும் எடுத்து முடித்து, அதை வீட்டிலேயே கழுவ நினைக்கும் சென்னைவாசிக்கு முதல் எதிரி இந்தச் சூடுதான். பலரும் நினைப்பதுபோல இருட்டறை இல்லாதது அல்ல.

இருட்டு தேவைப்படுவது பத்து நிமிடம். ஃபிலிமை ரீலில் சுற்றி, ஒளி புகாத டெவலப்பிங் டேங்குக்குள் வைத்து மூடும்வரைதான். மீதி வேலையை டியூப் லைட் வெளிச்சத்திலேயே செய்யலாம். சினிமாவில் வரும் சிவப்பு விளக்கு பிரிண்ட் போடும் காகிதத்துக்கானது. ஃபிலிமுக்கு அதுவும் ஆகாது. செல்போனும் ஒளிரும் கைக்கடிகாரமும் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

பாத்ரூமைவிட, இரவில் ஏசி போட்டுக் குளிரவைத்த படுக்கையறை நல்லது. பிளாஸ்டிக் ரீலில் துளி ஈரம் இருந்தாலும், விரலில் வியர்வை இருந்தாலும் ஃபிலிம் பாதியில் சிக்கிக்கொள்ளும். வீணான ஒரு ரோலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பத்து முறை சுற்றிப் பழகினால் பதற்றம் இருக்காது.

ஊட்டியில் மத்திய அரசின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1967-ல் உற்பத்தியைத் தொடங்கி, 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் விற்ற காலம் போய்விட்டது. இப்போது வருவதெல்லாம் வெளிநாட்டு ஃபிலிம். விலை கையைக் கடிக்கும். ஒரு தவறில் 36 படமும் போய்விடும்.

இனி மருந்து. டெவலப்பர், ஒளிபட்ட வெள்ளி உப்பைக் கறுப்புத் துகளாக்கும். ஒளிபடாத மிச்சத்தைக் கரைத்து வெளியேற்றுவது ஹைப்போ என்ற ஃபிக்ஸர். டெவலப்பர் அட்டவணைகள் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்கு எழுதப்பட்டவை. சூடு கூடினால் மருந்தின் வேகமும் கூடும். 20 டிகிரியில் 4 நிமிடம் என்றால் 23 டிகிரியில் 3 நிமிடம். இது இல்ஃபோர்டு நிறுவனம் தரும் கணக்கு. 30 டிகிரியில் நேரம் மிகவும் சுருங்கி, படத்தில் திட்டுத் திட்டாகக் கறை விழக்கூடும்.

இதற்கு ஃப்ரிட்ஜ் கைகொடுக்கும். இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் ஃபிலிமுக்கு ஐடி-11 டெவலப்பரை அப்படியே ஊற்றினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். சம அளவு தண்ணீர் கலந்தால் 13 நிமிடம். அந்தத் தண்ணீர் ஃப்ரிட்ஜில் வைத்த கேன் தண்ணீராக இருந்தால் கரைசலும் குளிரும். ஒரு 35 எம்எம் ரோலுக்கு 300 மில்லி போதும். தெர்மாமீட்டர் 23 காட்டினால், 13 நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. டேங்கையும் மருந்துப் பாட்டில்களையும் ஐஸ் கட்டி போட்ட டப்பில் நிறுத்திவிட்டால் அந்தச் சூடு அப்படியே நிற்கும். ஹைப்போவும் அலசும் தண்ணீரும் ஏறக்குறைய அதே சூட்டில் இருக்க வேண்டும்.

அலசுவதற்குக் குழாயைத் திறந்துவிட வேண்டாம். 2019 கோடையில் லாரிக்காகக் குடத்தோடு நின்றவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. சாதாரண ரேபிட் ஃபிக்ஸர் என்றால், டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்துக் கொட்டி, அடுத்து 10 முறை, பிறகு 20 முறை. மொத்தமே சுமார் ஒரு லிட்டர்தான்! கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர் நல்லது. அடையாறு பக்கத்து போர் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும்.

துணி கிளிப்பில் ஃபிலிமைத் தொங்கவிட்டதும் ஃபேனை அணைத்துவிட வேண்டும். ஈர ஃபிலிமில் ஒட்டிய தூசி லேசில் போகாது. காய்ந்தபின் வெள்ளைத் திரை வெளிச்சத்தில் வைத்து செல்போனில் படமெடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கினால் படம் தயார். மருந்துகளைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது ஆபத்து. குழந்தைகள் இருக்கும் வீட்டில் பூட்டிய அலமாரியே சரி. பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும், செடிக்கு ஊற்றக் கூடாது.

அலமாரியில் தாத்தா கழுவாமல் விட்டுப்போன ரோல் ஏதாவது கிடைத்தால், ஆசையில் அதை முதலில் டேங்கில் போட்டுவிட வேண்டாம். சொந்தமாக எடுத்த நாலு ரோல் ஒழுங்காக வந்த பிறகு, அதன் மேல் கறுப்பு வெள்ளை என்றுதான் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எடுக்கலாம்.