கிடை காக்கும் தோழன்

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடியைச் சூழ்ந்த சிற்றூர்களில், தை மாசித் திங்களில் நெல் அறுவடை முடிந்ததும் வயல்கள் வெறுமையாய்க் கிடக்கும். அப்பொழுது மேய்ப்பர்கள் தம் ஆட்டு மந்தைகளை அங்கே ஓட்டி வருவர். அவர்தம் தலைவரைக் கீதாரி என்பர். பகலெல்லாம் மேய்ந்த ஆடுகள் இரவில் வயலிலேயே அடைக்கப்படும். இதற்குக் கிடை போடுதல் என்று பெயர். ஆட்டுப் புழுக்கையும் நீரும் நிலத்திற்கு நல்லுரமாகும். அதற்கு ஈடாக நிலத்துக்குரியவர் நெல்லோ பணமோ அளிப்பார்.

வெட்டவெளியில் அமைந்த கிடைக்கு மதிலும் இல்லை, கதவும் இல்லை. மேய்ப்பர் அயர்ந்து உறங்கும்போது கிடையைக் காப்பது நாயே.

மந்தைக்கு உதவும் நாய்கள் இருவகைப்படும். ஒன்று, ஓட்டும் நாய். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப்புறத்தில் தோன்றிய பார்டர் கோலி என்னும் இனம் இவ்வகையினது. மேய்ப்பரின் சீழ்க்கை ஒலிக்கேற்ப அது மந்தையை வளைத்துத் திருப்பும். மற்றொன்று, காக்கும் நாய். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்தலையில் இடம்பெற்ற இமயமலை ஆட்டுநாய் மந்தைகளுக்குக் காவலாய் நிற்பது. நம் கிடைநாயும் காவல் வகையே. அது கிடையின் அருகிலேயே படுத்திருக்கும். நரியோ கள்வரோ அணுகினால் குரைத்து மேய்ப்பரை எழுப்பும்.

இக்காவற்குணம் எவ்வாறு அமைகிறது? பிறப்பும் வளர்ப்பும் சேர்ந்தே அதனை உருவாக்குகின்றன. பிறந்த 3ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம் வரை ஒரு குட்டி எவரோடு நெருங்கிப் பழகுகிறதோ, அவரோடு அதற்கு நீங்காத பிணைப்பு உண்டாகும். ஸ்காட், ஃபுல்லர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1965ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினர். ஆடுகளிடையே வளர்ந்த குட்டி ஆடுகளைத் தன்னவையாகக் கருதும். அன்பான குடும்பத்தில் வளர்ந்த குட்டி அவ்வீட்டாரைத் தன்னவராகக் கொள்ளும். கிடையின் காவலனை வீட்டின் தோழனாக்குவது இவ்வியல்பே.

ஆயினும், பரந்த வெளியில் உழைத்த மரபில் வந்த நாயை நாள் முழுதும் முகப்பில் கட்டிவைத்தல் கொடுமையாகும். ஓட்டமும் வேலையும் இன்றிக் கிடக்கும் நாய் சினம் மிகுந்து, அறிந்தவரையும் கடிக்கக்கூடும். ஆகவே, காலையும் மாலையும் அதனை வெளியே நடத்திச் செல்லுதல் வேண்டும். அது உண்ணும்போதும் உறங்கும்போதும் சிறுவர் அதனைத் தொடுதல் ஆகாது.

வெறிநோய்த் தடுப்பூசியைக் கால்நடை மருத்துவர் கூறும் முறைப்படி தவறாது போடுதல் வேண்டும். எந்த நாய் கடித்தாலும், புண்ணைச் சவுக்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். வெறிநோய் முற்றியபின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

மதிலில்லாக் கிடையை இரவெல்லாம் காப்பது நாயின் கடமை. அந்நாய்க்கு உணவும், உலாவ இடமும், நோயற்ற வாழ்வும் அளிப்பது அதனை வளர்ப்போர் கடமை. இரண்டும் நிறைவேறும் இடத்திலேதான் தோழமை நிலைக்கும்.