கையில் ஒரு தொழில் – 9: முப்பத்தைந்து வயதில் எலெக்ட்ரீஷியன்

சென்ற இரண்டு வாரங்கள் தச்சுவேலையைப் பார்த்தோம். இந்த வாரம் எலெக்ட்ரீஷியன். விற்பனைப் பிரதிநிதி, கடன் வசூல், கால் சென்டர் என்று பத்து, பன்னிரண்டு வருடம் ஓடிக் களைத்தவர்களுக்கு இந்தத் தொழில்மீது ஒரு கண் இருக்கிறது. யார் தயவும் இல்லாமல் உள்ளூரிலேயே பிழைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால், லைசென்ஸ் வாங்கும் வழியைத் தெரிந்துகொள்ளாமலும், முதல் இரண்டு வருடச் சாப்பாட்டுக்கு வழி செய்யாமலும் இருக்கிற வேலையை விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முறையான வழி ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு வருடப் படிப்பு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பே போதும். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் ஆண்கள் 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பதினாறு வயதுப் பையன்களோடு பெஞ்சில் உட்காரக் கூச்சமாக இருக்கும். அது ஒரு மாதத்தில் போய்விடும். பகல் முழுக்க வகுப்பு என்பதுதான் குடும்பஸ்தர்களுக்கு உண்மையான சிக்கல்.

அவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஹெல்பராகச் சேர்ந்து ஒயரிங் பழகலாம். ஐந்து வருடத்துக்குக் குறையாத அனுபவத்தோடு, மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுதலாம். உதவியாளருக்கு ‘ஹெச்’, வயர்மேனுக்கு ‘பி’, மேற்பார்வையாளருக்கு ‘சி’ என்று சான்றிதழ்கள் படிப்படியாக இருக்கின்றன. வழங்குவது தமிழ்நாடு மின் உரிம வாரியம். மின்னியலில் டிப்ளமோவோ பி.இ.யோ முடித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்தப் பழைய சான்றிதழை எடுத்துத் தூசி தட்டுங்கள். அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டால் அவர்கள் நேரே ‘சி’க்கே விண்ணப்பிக்க முடியும்.

வேலை எப்படி இருக்கும்? பல்பு மாட்டுவதும் ஃபேன் ரிப்பேரும் இதில் சிறு பகுதிதான். புது வீடு என்றால், தளத்துக்குக் கம்பி கட்டி முடித்ததும், கான்கிரீட் கொட்டுவதற்கு முன் பைப்பையும் ஃபேன் பாக்ஸையும் வைத்தாக வேண்டும். அன்றைக்கு வெயில் நூறு டிகிரியாக இருந்தாலும் மாடியில்தான் நிற்க வேண்டும். பிறகு, பூச்சுவேலைக்கு முன் சுவரில் காடி வெட்டுவது. கட்டர் கிளப்பும் தூசியில் எதிரில் நிற்கும் ஆள் தெரியாது. முகக்கவசம் இல்லாமல் அந்த வேலையைத் தொடாதீர்கள். அதன் பிறகு ஒயர் இழுப்பது, டி.பி. பாக்ஸ் கட்டுவது, கடைசியாக சுவிட்சும் விளக்கும் மாட்டுவது. கூலி பெரும்பாலும் பாயிண்ட் கணக்கில். பணம் வேலையின் கட்டங்களுக்கேற்பத் தவணையாக வரும். ஆவணி, தை கிரகப்பிரவேசங்களுக்கு முன்னால் தூங்க நேரம் இருக்காது. மழைக்காலத்தில் போன் அடிக்காது. மாதச் சம்பளம் வாங்கிப் பழகியவருடைய வீட்டில் இதை முதலிலேயே உட்கார்ந்து பேசிவிட வேண்டும். உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்: முழங்கால், தோள்பட்டை, முக்கியமாகக் கண். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர் பேஸையும் எர்த்தையும் மாற்றி இணைத்துவிடலாம்.

இனி, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக் கணக்குகளின்படி, மின்சாரம் தாக்கி நாட்டில் ஆண்டுதோறும் 10 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். உடம்பு வழியாக 30 மில்லி ஆம்பியர் போனாலே உயிருக்கு ஆபத்து. கீசருக்குப் போட்டிருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.யோ, அதைப்போல ஐந்நூறு மடங்குக்கு மேல் போனால்தான் விழும். அது ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்திலேயே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி.தான் ஆளைக் காக்கும். எர்த் சரியாக இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே கசிவைக் கண்டு அது விழுந்துவிடும். எர்த் இல்லாத வீட்டில், யாராவது தொட்ட பிறகுதான் விழும். செலவைக் குறைக்க வீட்டுக்காரர் முதலில் கைவைப்பது இந்த இரண்டில்தான். ‘அதெல்லாம் எதுக்குப்பா’ என்பார். அப்போது மறுத்துப் பேசும் தைரியம் வேண்டும்.

அந்த இடத்தில்தான் முப்பத்தைந்து வயது உதவும். பத்து வருடம் வாடிக்கையாளரிடம் பேசிப் பழகியவர் அவருக்குப் புரியும்படி விளக்குவார், எஸ்டிமேட்டை எழுதிக் கொடுப்பார், சொன்ன நாளில் வருவார். இப்போது சோலார் வேலையும் சேர்ந்திருக்கிறது. 2024இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தின் இலக்கு ஒரு கோடி வீடுகள். கூரையில் பேனல் பொருத்தி, முறையாக எர்த் எடுத்து, இன்வர்ட்டரோடு இணைக்கத் தெரிந்த ஆட்கள் ஊருக்கு ஊர் தேவைப்படுவார்கள்.

முடிவெடுக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் கேட்டு, சில ஞாயிற்றுக்கிழமைகள் அவரோடு ஹெல்பராக நில்லுங்கள். காடி வெட்டும் நாளாகப் பார்த்துப் போங்கள். அதன் பிறகும் ஆசை குறையவில்லை என்றால், பக்கத்து அரசு ஐ.டி.ஐ.க்கு நேரில் போய், சேர்க்கை எப்போது தொடங்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ராஜினாமாக் கடிதத்தை அதுவரை எழுத வேண்டாம்.

(தொடரும்)