முதல் சுற்றை யார் சுற்றுவது?

ஒரு நாள் மாலை, விடுதியில் படிப்பு நேரத்தில் மின்சாரம் நின்றுவிட்டது. மெழுகுவர்த்தியைச் சுற்றி உட்கார்ந்திருந்த எங்களுள் ஒருத்தி கேட்டாள்: "நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டுபோனால், முதல் மின்நிலையத்தை எந்த மின்சாரத்தைக் கொண்டு ஓட வைப்பார்கள்?" நாங்கள் சிரித்தோம். மறுநாள் இயற்பியல் வகுப்பில் கேட்டபோது சகோதரி சிரிக்கவில்லை. "தேடிக் கண்டுபிடித்து ஆண்டு மலருக்கு எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். மாட்டிக்கொண்டோம்!

தோழியரே, நெல்லைச் சீமையில் பிறந்த நமக்கு மின்நிலையம் என்றதும் பாபநாசம்தான் நினைவுக்கு வரும். 1944இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தில் நான்கு இயந்திரங்கள். மொத்தத் திறன் 32 மெகாவாட். அங்கே முதல் சுற்றுக்குப் பிறர் தயவு அதிகம் வேண்டியதில்லை. மலையிலிருந்து குழாய் வழியே இறங்கும் தாமிரபரணித் தண்ணீரே சக்கரத்தைத் தள்ளிவிடும். தண்ணீர்க் கதவைத் திறப்பது போன்ற சில்லறை வேலைகளுக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் இருந்தால் போதும்.

எரிவாயு டர்பைன் அப்படியன்று. இராமநாதபுரத்தை அடுத்த வழுதூரில் 2003இல் இயங்கத் தொடங்கியது இவ்வகை நிலையம். சென்னை பேசின் பிரிட்ஜில் 30 மெகாவாட் இயந்திரங்கள் நான்கு 1996இல் அமைந்தன. ஒரே தண்டின் முன்புறத்தில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸர், நடுவே எரியறை, பின்புறத்தில் டர்பைன் சக்கரங்கள். அழுத்திய காற்றில் எரிபொருள் எரிந்து, அந்தச் சூட்டுக் காற்று சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். ஆனால் சக்கரம் சுழன்றால்தான் கம்ப்ரஸர் காற்றை அழுத்தும்! விதை முந்தியா, மரம் முந்தியா என்ற கதைதான். டர்பைனில் பிறக்கும் விசையில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ கம்ப்ரஸருக்கே போய்விடுகிறது என்று படித்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

ஆகவே ஒரு மோட்டாரோ டீசல் எஞ்சினோ தண்டைச் சுழற்றிக் கொடுக்கிறது. உடனே நெருப்பு வைப்பதில்லை. சில நிமிடங்கள் வெறும் காற்றையே ஓடவிடுகிறார்கள். காஸ் அடுப்பைத் திறந்துவிட்டுத் தீக்குச்சியைத் தேடினால் அம்மா என்ன சொல்வார்கள்? முதலில் சன்னலைத் திறக்கச் சொல்வார்கள் அல்லவா? அதே காரணம்தான். பழைய வாயு உள்ளே தங்கியிருந்தால் வெடிக்கும். பிறகு தீப்பொறி. சில நொடிகளுக்குள் சுடர் தெரியாவிட்டால் எரிபொருள் தானே அடைபட்டுவிடும். மறுபடியும் காற்றோட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். சுடர் பிடித்து, முழு வேகத்தில் பாதியைத் தாண்டிய பிறகே இயந்திரம் தன் காலில் நிற்கும். தள்ளிவிட்ட மோட்டார் விலகிக்கொள்ளும்.

முழு வேகம் வந்ததும் மின்சாரம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தோம். அதுவும் தவறு. நீண்ட கயிற்றை இருவர் சுற்ற, மூன்றாமவள் உள்ளே குதிக்கும் விளையாட்டு நமக்குத் தெரியும். நேரம் தப்பினால் கயிறு காலில் விழும். நாட்டின் மின்தொடரில் மின்னோட்டம் நொடிக்கு 50 முறை அலைகிறது. புதிய இயந்திரத்தின் அலையும் அதே வேகத்தில், அதே அழுத்தத்தில், ஏற்ற இறக்கம் ஒன்றுபட்டு வரும் கணத்தில்தான் இணைக்க வேண்டும். தப்பினால் அந்த அதிர்ச்சியில் தண்டே சேதமடையலாம். இதற்கென்று கடிகாரம் போன்ற ஒரு கருவி உண்டு. மெதுவாகச் சுற்றும் அதன் முள் பன்னிரண்டுக்கு வரும்போது இணைப்பு விழும்.

இணைந்த பிறகு எரிபொருளைக் கூட்டினால் வேகம் கூடுவதில்லை, சுமைதான் கூடுகிறது. இது எங்களுக்கு எளிதில் விளங்கவில்லை. நெல்லையப்பர் ஆனித்தேரை நினைத்த பிறகுதான் விளங்கிற்று. ஆயிரம் பேர் வடம் பிடிக்கையில் ஒருவர் கூடுதலாக இழுத்தால் தேர் பறந்துவிடாது. அவர் தாங்கும் பங்குதான் கூடும். அந்தச் சுமையையும் படிப்படியாகவே ஏற்றுகிறார்கள். எரியறையில் வெப்பம் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல். அவசரப்பட்டால் உலோகம் விரிசல் விடும். ஆகவே வெளியேறும் புகையின் சூட்டைப் பார்த்துப் பார்த்து எரிபொருளைக் கூட்டுகிறார்கள். வழுதூரில் அந்தப் புகையின் சூட்டைக் கொண்டே நீராவியாக்கி இன்னொரு டர்பைனையும் ஓட்டுகிறார்கள். அந்தக் கொதிகலனும் நிதானமாகத்தான் சூடேற வேண்டும்.

இவ்வளவு இருந்தும், நிலக்கரி நிலையத்தோடு ஒப்பிட்டால் எரிவாயு டர்பைன் சுறுசுறுப்பானது. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்று திடீரென ஓய்ந்தால் காற்றாலைகளின் பங்கை வேறு யாராவது ஏற்க வேண்டுமே! அந்த நேரத்தில் கைகொடுப்பவை நீர்நிலையங்களும் இவையும்தான்.

இனி எங்கள் தோழியின் கேள்விக்கு வருவோம். அப்படிப்பட்ட இருட்டு உண்மையாகவே வந்திருக்கிறது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின்தொடர் அடுத்தடுத்து விழுந்தது. இரண்டாம் நாள் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து இருண்டன. தென்னகம் அப்போது அந்தத் தொடரோடு ஒத்திசைந்து இணையவில்லை. 2013 டிசம்பர் 31இல்தான் இணைந்தது. அதனால் நாம் தப்பினோம். அத்தகைய நேரத்தில் பாட்டரியையோ சிறு டீசல் எஞ்சினையோ கொண்டு முதலில் ஒரு நீர்நிலையத்தை எழுப்புவார்கள். அதன் மின்சாரத்தை ஒரு கம்பி வழியே அடுத்த நிலையத்தின் மோட்டாருக்கு அனுப்புவார்கள். ஒன்று விழித்து மற்றொன்றை எழுப்பும்.

கேட்டவளிடம் இதைச் சொன்னோம். "அப்படியானால் அணையில் தண்ணீர் இல்லாத கோடையில்?" என்று உடனே அடுத்த கேள்வியைப் போட்டாள். அதற்குத்தான் சில எரிவாயு நிலையங்களிலேயே டீசல் எஞ்சினைத் தயாராக வைத்திருக்கிறார்கள்.