ரெவிட்டில் எலிவேஷன் காணாமல் போவது ஏன்? சந்தேகங்களும் விளக்கங்களும்

இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என சிப்காட் தொழிற்பூங்காக்கள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் தொழிற்கூடம், விடுதி, குடியிருப்பு ஆகிய பணிகளுக்கு வரைபடத் தேவை அதிகம். ஆட்டோகேடில் பழகி, கட்டட மாதிரி மென்பொருளான ரெவிட்டுக்கு மாறுவோரைக் குழப்பும் சிக்கல்களில் ஒன்று, எலிவேஷன் வரைபடம் திடீரெனக் காணாமல் போவது.

எலிவேஷன் என்றால் என்ன?

கட்டடத்தின் ஒரு பக்கத்தை நேர் எதிரே நின்று பார்த்தால் தெரியும் தோற்றத்தின் வரைபடமே எலிவேஷன். உயரம், கதவு, ஜன்னல், கூரைச் சரிவு ஆகியவை இதில் தெரியும். ஆட்டோகேடில் இதைத் தனியாக வரைவது வழக்கம். 2002-ல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் கையகப்படுத்திய ரெவிட்டில், முப்பரிமாண மாதிரியிலிருந்து மென்பொருளே இதை உருவாக்கும். கட்டடக்கலை டெம்ப்ளேட்டில் 4 திசைகளுக்கும் எலிவேஷன்கள் தயாராக இருக்கும்.

தரைத்தள பிளானில் உள்ள வட்டக் குறியை அழித்தால் எலிவேஷனும் போய்விடுமா?

போய்விடும். எந்த இடத்திலிருந்து, எந்தத் திசையில் பார்ப்பது என்பதை அந்தக் குறியே தீர்மானிக்கிறது. அழிக்கும்போது வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் 'ஓகே' கொடுத்தால், அந்த வியூவும் அதில் இட்ட அளவுகளும் குறிப்புகளும் நீங்கும். ஷீட்டிலும் அந்த இடம் காலியாகும். சுவர், கதவு, கூரை ஆகியவை மாதிரியில் அப்படியே இருக்கும்.

அழிந்துவிட்டதா, மறைந்திருக்கிறதா என்பதை எப்படி அறிவது?

'ப்ராஜெக்ட் பிரவுசர்' பட்டியலில் எலிவேஷன் பெயர் இருந்தால் வியூ அழியவில்லை; பிளானில் குறி மட்டுமே மறைந்துள்ளது. பெயர் இல்லாவிட்டாலும், பட்டியலில் வடிகட்டி இடப்பட்டிருக்கலாம் என்பதால் 'பிரவுசர் ஆர்கனைசேஷன்' அமைப்பை 'ஆல்' என மாற்றிப் பார்க்க வேண்டும். அப்போதும் பெயர் இல்லை என்றால்தான் அழிந்ததாகக் கொள்ளலாம்.

மறைந்த குறியை மீண்டும் காட்டுவது எப்படி?

திரையின் கீழே உள்ள பல்பு படத்தை அழுத்தினால் மறைக்கப்பட்டவை தனி நிறத்தில் தெரியும், அங்கிருந்தே விடுவிக்கலாம். அடுத்து வி, ஜி விசைகளை அழுத்தி, 'அனோடேஷன்' பகுதியில் எலிவேஷனுக்கு டிக் உள்ளதா எனப் பார்க்க வேண்டும். வியூ டெம்ப்ளேட் இணைக்கப்பட்டிருந்தால் மாற்றத்தை டெம்ப்ளேட்டில்தான் செய்ய முடியும். குறிப்பிட்ட ஸ்கேலுக்கு மேல் குறியை மறைக்கும் அமைப்பும் உண்டு.

வியூ திறக்கிறது, ஆனால் கட்டடம் பாதியாகவோ வெறுமையாகவோ தெரிவது ஏன்?

கட்டடம் வளர்ந்து குறியைத் தாண்டிவிட்டால், எலிவேஷன் கட்டடத்தை நடுவில் வெட்டியதுபோல் காட்டும். நீளமான தொழிற்கூடங்களில் இது எளிதில் நேரும். வட்டத்தையும் அம்பு முனையையும் சேர்த்துத் தேர்வு செய்து, கட்டடத்துக்கு வெளியே நகர்த்த வேண்டும். வியூ எட்டும் ஆழத்தைக் குறிக்கும் 'ஃபார் கிளிப்' தூரம் குறைவாக இருந்தால் கட்டடமே தெரியாது. 'டிசிப்ளின்' அமைப்பு 'ஸ்ட்ரக்சுரல்' என இருந்தால் பாரம் தாங்காத சுவர்கள் மறையும்.

4 எலிவேஷன்கள் எல்லாப் பணிக்கும் போதுமா?

தனிக் கட்டடத்துக்குப் பெரும்பாலும் போதும். வல்லம் வடகாலில் 17.8.2024 அன்று திறக்கப்பட்ட சிப்காட் தொழிலாளர் குடியிருப்பு போல, 18,720 பேருக்காக 13 தொகுதிகள் கொண்ட வளாகங்களில் ஒரு கட்டடம் மற்றொன்றை மறைக்கும். அத்தகைய பணிகளில் ஒவ்வொரு தொகுதிக்கும் 'வியூ' பகுதியில் உள்ள 'எலிவேஷன்' கருவியால் தனிக் குறி இட வேண்டும்.

'நார்த்' எலிவேஷன் மனையின் வடக்கு முகத்தைக் காட்டாதது ஏன்?

டெம்ப்ளேட்டில் உள்ள பெயர்கள், வரைவதற்கு வசதியாகத் திரையின் மேற்பக்கத்தை வடக்காகக் கொண்டவை. மனையின் உண்மையான வடக்கை 'ட்ரூ நார்த்' எனத் தனியாகக் குறித்தாலும் அப்பெயர்கள் தாமாக மாறாது. சாலை அல்லது திசைக்கு ஏற்பப் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

அழிந்த எலிவேஷனை எதுவரை மீட்கலாம்?

ஃபைலை மூடுவதற்கு முன் என்றால் பெரும்பாலும் கன்ட்ரோல்–இசட் மூலம் மீட்கலாம். மூடிய பின், தனி ஃபைல் என்றால் அதே ஃபோல்டரில் 0001 போன்ற எண்களுடன் உள்ள பேக்கப் ஃபைல்களைத் தேட வேண்டும். தனி ஃபைலுக்கு இயல்பாக 3 பேக்கப்களும், பலர் சேர்ந்து பணிபுரியும் ஃபைலுக்கு 20 பேக்கப்களும் வைக்கப்படும். அந்த எண்ணிக்கையைத் தாண்டிச் சேமித்தால் பழையவை நீங்கும். பேக்கப் இல்லையென்றால் புதிய குறி இட்டுத் தோற்றத்தைப் பெறலாம். அளவுகளையும் குறிப்புகளையும் மீண்டும் இட வேண்டும்.

கட்டட அனுமதிக்கு எலிவேஷன் யாருக்குத் தேவை?

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-ன் கீழ் விண்ணப்பிப்போர் பிளான், செக்ஷனுடன் எலிவேஷனும் அளிக்க வேண்டும். விண்ணப்பிப்போரே சான்றளிக்கும் சுயசான்று திட்டம், 22.7.2024 அன்று தொடங்கியபோது 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரை மற்றும் முதல் தளம் கொண்ட வீடுகளுக்கு மட்டுமே என இருந்தது; தொழிற்சாலைக்குப் பொருந்தாது. தொழிற்சாலைகளுக்கு தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் வரைபட ஒப்புதலும் வேண்டும். எனவே பதிவேற்றும் முன், ஒவ்வொரு ஷீட்டிலும் எலிவேஷன் முழுமையாக உள்ளதா எனச் சரிபார்ப்பது அவசியம்.