அரைப்பேரும் கணக்கில் வரும் பட்டப்படிப்பு

தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது, சொன்ன கிலோவுக்குக் குறைந்தால் தோட்டத்தில் 'அரைப்பேர்' போடுவார்கள். வயிறெரியும் கணக்குதான், ஆனாலும் பாடுபட்டதில் பாதியாவது செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், ஏறும். பட்டப்படிப்பில் அதுவும் இல்லை. இரண்டு வருடம் படித்துவிட்டு, வீட்டுக் கஷ்டத்தால் கொழும்புக் கடைக்குப் போன பிள்ளையின் கையில் காட்டுவதற்கு ஒரு தாளும் இருக்காது.

படிப்பைச் சிறு பாட அலகுகளாகப் பிரித்து, முடித்தவரை கணக்கில் வைக்கும் முறை இதற்கு ஒரு மாற்று. இலங்கையில் இந்த வழியில் அதிகம் நடந்திருப்பது 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம். தலைமையகம் நாவலையில் இருந்தாலும் ஹட்டனிலும் ஒரு கற்கை நிலையம் உண்டு. உயர்தரம் சித்தியடையாதவரும் அடிப்படைக் கற்கைநெறி வழியாக உள்ளே வரலாம். எடுக்கும் பாடங்களுக்கு ஏற்பத்தான் கட்டணம்.

கணக்கு இப்படி. இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்பது ஏறத்தாழ 50 மணிநேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை எல்லாம் அதற்குள். மூன்று கிரெடிட் பாடத்துக்கு 150 மணிநேரம். பிள்ளைக்காம்பராவில் பகலெல்லாம் குழந்தை பார்க்கும் ஒரு பெண் இரவில் ஒன்றரை மணிநேரம் படித்தால் நூறு இரவுகளில் முடியும். பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட். முழுநேர மாணவருக்கு மூன்று வருடம். வருடத்துக்குப் பாதிச் சுமை எடுப்பவருக்கு ஆறு. அதே சட்டகத்தில் 30 கிரெடிட் டிப்ளோமா அளவு, 60 உயர் டிப்ளோமா அளவு. இடையில் நிற்பவருக்கும் அந்தச் சான்றிதழைத் தட்டாமல் கொடுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஆனால் நெகிழ்வு என்பது காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. வகுப்புகள் பெரும்பாலும் வார இறுதியில். தோட்டத்தில் ஞாயிறு என்பது கைக்காசு நாள், பறிக்கும் கிலோவுக்குக் காசு. வகுப்புக்குப் போனால் அந்த வருமானம் போகும், பஸ் காசும் சேரும். செய்முறை வகுப்புள்ள பாடமென்றால் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை தாண்டிக் கண்டிப் பக்கம் போக வேண்டும். சமூக விஞ்ஞானமும் கல்வியியலும் தமிழில் படிக்கலாம். விஞ்ஞானம், பொறியியல் என்றால் ஆங்கிலம். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியரே கிடைக்காமல் வளர்ந்தவருக்கு அந்தக் கதவு பாதிதான் திறந்திருக்கிறது.

ஹட்டன் நிலையத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் கூட வேண்டும். மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட் பிள்ளைகள் பகலோடு வீடு திரும்பும்படி வகுப்பு நேரம் அமைய வேண்டும். இழக்கும் கைக்காசுக்கு ஈடாக ஒரு சிறு உதவித்தொகையும் வேண்டும். மலையகத்தின் பெயரால் வாக்குக் கேட்பவர்கள் முதலில் கேட்டு வாங்கவேண்டியது அதைத்தான்.