வீதியின் ஓரம்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையைச் சூழ்ந்த வீதிகள், மோட்டார் வண்டி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே அமைந்தவை. பழைய மதில் மறைந்துவிட்டது. மெயின்கார்டு கேட் எனப்படும் வாயில் மட்டும் அதன் நினைவாய் நிற்கின்றது. மனிதரும் மாட்டு வண்டியும் செல்வதற்கென அமைந்த தெருக்களே இன்று கடைவீதிகளாய் விளங்குகின்றன. அவற்றின் அகலம் பெருகவில்லை; அங்கு வந்திறங்கும் சரக்கோ பன்மடங்கு பெருகிவிட்டது.

சரக்கு வண்டிக்கு ஓடுவதற்கு வழி வேண்டும். நிற்பதற்கு இடமும் வேண்டும். இவ்விரண்டாவது தேவையைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கடைவாயிலில் ஒரு வண்டி கால்மணி நேரம் நின்று மூட்டைகளை இறக்குமாயின், பின்வரும் வண்டிகள் யாவும் தேங்கி நிற்கும். நடந்து செல்வோர் நடுவீதிக்குத் தள்ளப்படுவர். இக்காலத்தில் கைப்பேசி வழியே பொருள் வாங்கும் வழக்கமும் பரவியுள்ளது. முன்பு பத்துப் பேர் ஒரு கடைக்குச் சென்று வாங்கியதை, இன்று பார்சல் கொணர்வோர் பத்து வீட்டு வாயில்களில் நின்று கொடுக்கின்றனர்.

இத்தொல்லை புதியதன்று. உரோம் நகரில், கி.மு. 45-ஆம் ஆண்டளவில், சூலியசு சீசர் காலத்துச் சட்டமொன்று பகற்பொழுதின் பெரும்பகுதியில் வண்டிகள் நகருக்குள் செல்வதைத் தடுத்தது. கோயிற் பணிக்குரிய பொருள்களை ஏற்றிவரும் வண்டிகள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு இருந்தது. பகலில் தெரு நெரிசல் குறைந்தது. இரவில் சக்கரங்களின் ஓசையால் மக்கள் உறக்கம் இழந்தனர்.

நம் நாட்டில் பெரிதும் மேற்கொள்ளப்பட்ட வழி, சந்தையையே நகர்ப்புறத்துக்கு மாற்றுவதாகும். சென்னைக் கொத்தவால்சாவடியின் காய்கறி மொத்த வணிகம் 1996-இல் கோயம்பேட்டுக்குச் சென்றது. திருச்சிராப்பள்ளியில் அது எளிதில் கைகூடவில்லை. காந்தி சந்தையின் மொத்த வணிகத்துக்கென 2017-இல் மதுரைச் சாலையில் கள்ளிக்குடியில் புதிய வளாகம் திறக்கப்பட்டது. தொலைவு மிகுதி என்றும், கடைகள் சிறியவை என்றும் கூறி வணிகர் அங்குச் செல்ல மறுத்தனர். அவர்கள் கூறியதைப் பிடிவாதம் என ஒதுக்கிவிட இயலாது. வாங்குவோர் வாராத இடத்தில் அழுகும் பண்டத்தை வைத்திருப்பவன் ஒரே நாளில் முதலை இழப்பான்.

நகரின் தென்பால் உள்ள எடமலைப்பட்டி புதூருக்குத் தெற்கே பஞ்சப்பூர் உள்ளது. அங்கே 2025 மே 9-ஆம் நாள் பெரிய பேருந்து முனையமும், அதனோடு சரக்கு வாகன முனையமும் திறந்து வைக்கப்பட்டன; புதிய காய்கறிச் சந்தைக்கும் அன்றே அடிக்கல் நாட்டப்பட்டது. பெரிய லாரிகள் நகருக்கு வெளியே நின்றுவிட இது துணைபுரியும்.

ஆயினும் ஒரு கணக்கை மறத்தலாகாது. மக்கள் ‘குட்டியானை’ என்று அழைக்கும் சிறு வண்டி ஏறக்குறைய முக்கால் டன் சுமையே தாங்கும். பதினைந்து டன் ஏற்றிய ஒரு லாரியின் சரக்கை நகருக்குள் கொண்டு செல்ல, அவ்வண்டி இருபது முறை செல்ல வேண்டும். இருபது முறையும் அது கடையருகே நின்றாக வேண்டும். ஆகவே, எல்லையில் முனையம் அமைத்தபின்னும் வீதியின் ஓரத்தைப் பங்கிட்டுத் தரும் பணி எஞ்சி நிற்கின்றது. இசுபெயின் நாட்டுப் பார்சிலோனா நகரில் சரக்கு இறக்குவதற்கென்றே ஓரங்களில் இடங்கள் குறிக்கப்பட்டுள்ளன. ஓட்டுநர் தம் வரவைக் கைப்பேசியில் பதிந்து, அரைமணி நேரத்துக்குள் இடத்தை விட்டு நீங்குதல் வேண்டும். நம் கடைவீதிகளில் அத்தகைய இடம் குறிப்பதாயின், தள்ளுவண்டி வணிகர்க்கும் இருசக்கர வண்டிகளுக்கும் வேறிடம் காட்டவேண்டும்.

சுமை தூக்கும் தொழிலாளர் நிலையும் கருதத்தக்கது. காந்தி சந்தையில் லாரிகள் இரவில் வருகின்றன. விடியுமுன்னரே மூட்டைகள் இறங்குகின்றன. சந்தை பஞ்சப்பூருக்கு மாறுமாயின், நகருக்குள் குடியிருக்கும் அத்தொழிலாளர் நள்ளிரவில் அங்குச் சென்று சேரவேண்டும். அதற்குரிய பேருந்துகளையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்தாக வேண்டும்.