உங்களுக்குத் தெரியுமா? கொழும்பின் முதல் மேயர்

1865ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த கொழும்பு மாநகர சபைக்கு எழுபது ஆண்டுகளாக மேயரே இல்லை. அரசாங்கம் அனுப்பிய அதிகாரிதான் தலைவர். 1937இல்தான் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த முதல் மேயர் நாற்காலியில் அமர்ந்தார். அவர் ஒரு தமிழர்: டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து.

அதைவிடச் சுவையானது அவர் வீட்டுக் கதை. 1931இல் கொழும்பு வடக்கில், அதாவது கொட்டாஞ்சேனைப் பக்கத்தில், அரசாங்க சபைக்கு வென்றவர், தேர்தல் வழக்கில் ஆசனத்தை இழந்தார். மறு ஆண்டு இடைத்தேர்தலில் நின்றவர் மனைவி நேசம். அதே ஆசனத்தை வென்று, அச்சபையின் முதல் தமிழ்ப் பெண் உறுப்பினரானார்!

கிரிக்கெட் ரசிகர்களே, குழம்பவேண்டாம். 1982இல் இலங்கை தன் முதல் டெஸ்டை ஆடிய பி. சரவணமுத்து மைதானம் மேயர் பெயரில் இல்லை. அவருடைய சகோதரர் பாக்கியசோதியின் பெயரில் உள்ளது.